கதை, வசனம்: பஞ்சு அருணாசலம்



1982 ஆகஸ்ட் 14 அன்று தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு இரண்டு பெரிய படங்கள் வந்தன. ஒன்று, ஏவி.எம். தயாரிப்பில் கமல்ஹாசன் நடித்த ‘சகலகலா வல்லவன்’. மற்றது, ரஜினிகாந்த் நடித்த ‘எங்கேயோ கேட்ட குரல்’. ஊருக்கு ஊர் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்ற காலம் அது. எங்கள் படம்தான் ஓடும் என்று டீக்கடை பெஞ்சில் பந்தயம் கட்டிய இரண்டு தரப்பாருக்கும் படம் கொடுத்தவர்கள் ஒரே ஆட்கள்தாம். இரண்டையும் இயக்கியவர் காரைக்குடியில் பிறந்த எஸ்.பி.முத்துராமன். இரண்டுக்கும் எழுதியவர் சிறுகூடல்பட்டியில் பிறந்த பஞ்சு அருணாசலம். இரண்டிலும் கதாநாயகி அம்பிகா.

இதே ஆகஸ்ட் மாதத்தில்தான், 2016-ஆம் ஆண்டு 9-ஆம் தேதி, பஞ்சு அருணாசலம் நம்மை விட்டுப் பிரிந்தார். அவரை நினைக்காமல் இந்த மாதத்து இதழை உங்கள் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் இந்தப் பக்கம் முழுவதையும் அவருக்காக எடுத்துக்கொண்டேன்.

அவர் பிறந்த நம் செட்டிநாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது எவை என்று உங்களுக்குத் தெரியும். கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை, விருந்துச் சாப்பாடு. எல்லாம் நமக்குப் பெருமைதான். ஆனால் தமிழ் சினிமாவுக்கு இந்த மண் கொடுத்தது ஒரு தனிக் கணக்கு. அதில் பணம் போட்டவர்களின் பெயர் நமக்குத் தெரியும். பாட்டு எழுதிய கவியரசர் கண்ணதாசனின் பெயர் உலகத்துக்கே தெரியும். கதை எழுதி, காட்சி பிரித்து, வசனம் எழுதிக் கொடுத்தவரின் பெயர்தான் நம் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அவர் எழுதிய படத்தை அவர்கள் பல முறை பார்த்திருப்பார்கள். அவர் எழுதிய பாட்டைக் கல்யாண வீடுகளில் கேட்டே வளர்ந்திருப்பார்கள். அப்படியிருந்தும் எழுதியவர் யார் என்று கேட்டால் பதில் வராது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1940-களின் நடுவில், காரைக்குடிக்காரரான ஏ.வி.மெய்யப்பன் சென்னையை விட்டு வந்து நம் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். ப.நீலகண்டன் எழுதிய நாடகத்தைப் படமாக்கி 1947-ல் வெளியிட்ட ‘நாம் இருவர்’ அங்கே உருவானதுதான். பாரதியார் பாடல்களை ஊரெல்லாம் முணுமுணுக்க வைத்த படம் அது. அடுத்த ஆண்டு ‘வேதாள உலகம்’ வந்தது. பிறகு ஸ்டூடியோ வடபழனிக்குப் போய்விட்டது. ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு பாதையைக் காட்டிவிட்டுப் போனது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறிய தலைமுறைக்கு அடுத்து வந்தவர்களில் சிலர் கோடம்பாக்கத்துக்கு ரயில் ஏறினார்கள்.

அப்படிப் போன குடும்பங்களில் ஒன்று சிறுகூடல்பட்டிக் குடும்பம். மலையரசி அம்மன் குடிகொண்ட அந்தச் சின்ன ஊரில் 1927-ல் பிறந்தவர் கண்ணதாசன். அவருடைய அண்ணன்களில் ஒருவரான ஏ.எல்.சீனிவாசன் பெரிய பட அதிபரானார். கவிஞரைப் பாட்டாசிரியராக மட்டும் நினைக்கிறோம். ‘மதுரை வீரன்’, ‘நாடோடி மன்னன்’ போன்ற படங்களின் வசனத்தில் அவர் பங்கு பெரியது. மருது சகோதரர்களின் கதையை ‘சிவகங்கைச் சீமை’ என்று 1959-ல் சொந்தப் படமாகவே எடுத்தார். இந்தக் கவிஞரின் இன்னோர் அண்ணன் மகன்தான் பஞ்சு அருணாசலம், 1941-ல் பிறந்தவர்.

நம் முன்னோர் கடல் கடந்து வட்டிக்கடை நடத்திய காலத்தில் ஒரு பையன் எப்படித் தொழில் கற்றான் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். முதலில் பெட்டியடிப் பையன். பிறகு அடுத்தாள். அதன் பிறகுதான் மேலாள். ஐந்தொகை போடத் தெரிந்து, ஆளைப் பார்த்ததும் எடைபோடத் தெரிந்து, வாயைக் கட்டத் தெரிந்த பிறகுதான் சொந்தக் கடை. பஞ்சு அருணாசலம் எழுத்துத் தொழில் கற்றது கிட்டத்தட்ட இந்த முறையில்தான். சித்தப்பா பாட்டுச் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து இவர் எழுதிக்கொள்வார். ஆண்டுக்கணக்கில் இதுதான் வேலை.

அந்த இடத்தில் உட்காருவது என்றால் என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இயக்குநர் காட்சியைச் சொல்கிறார். எம்.எஸ்.விஸ்வநாதன் மெட்டை வாசிக்கிறார். கவிஞர் வாயிலிருந்து வரிகள் வந்து விழுகின்றன. இது வேண்டாம், வேறு போடுங்கள் என்று யாரோ சொன்னால், அடுத்த நிமிடம் அதே மெட்டுக்கு வேறு வரிகள். எழுதுகிற பையன் எதையும் தவறவிடக் கூடாது. அப்படி எழுதிக்கொண்டே இருந்தவருக்கு ஒரு காட்சிக்கு என்ன தேவை, எந்தச் சொல் மெட்டில் உட்காரும், எந்த இடத்தில் சனங்கள் மனம் இளகும் என்பதெல்லாம் கைக்கு வந்துவிட்டது. எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காத பாடம் அது.

பாட்டாசிரியராக அவர் பெயர் வாங்கியதும் இந்த நிழலில் இருந்துகொண்டேதான். ஏ.எல்.சீனிவாசன் தயாரிப்பில், கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் இயக்கத்தில் 1962-ல் வந்த ‘சாரதா’ படத்தில், புதுப்பெண்ணை வீட்டுக்குள் வரவேற்கும் பாட்டு ஒன்று உண்டு. கே.வி.மகாதேவன் இசை. தமிழ்நாட்டில் அந்தப் பாட்டு ஒலிக்காத கல்யாண வீடு ஒரு காலத்தில் இருந்ததில்லை. நம் பக்கம் மைக்செட்காரர் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டியதும் பிள்ளையார் பாட்டுக்கு அடுத்து அதைத்தான் போடுவார். எழுதியவர் பஞ்சு அருணாசலம். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. 1965-ல் எம்.ஜி.ஆர்., சரோஜாதேவி நடித்த ‘கலங்கரை விளக்கம்’ படத்தில் புது வானில் பூத்த அழகைப் பாடும் காதல் பாட்டு ஒன்று இருக்கிறதே, அதுவும் இவர் எழுதியதே. இன்றைக்கும் நிறையப் பேர் அதைக் கண்ணதாசன் பாட்டு என்றே சொல்கிறார்கள். அந்த அளவுக்கு எழுதினார் என்பது ஒரு பெருமை. எழுதியவர் பெயர் அதில் மறைந்துபோனது என்பது ஒரு வருத்தம்.

சொந்தக் கடை என்று சொல்லத்தக்க நாள் 1976-ல் வந்தது. படம் ‘அன்னக்கிளி’. ஆர்.செல்வராஜ் சொன்ன கதை. திரைக்கதை, வசனம், பாடல்கள் எல்லாம் பஞ்சு அருணாசலம். இயக்கம் தேவராஜ்–மோகன். கலர் படங்கள் வரத்தொடங்கி வெகு நாளான பிறகு, கறுப்பு வெள்ளையில், சத்தியமங்கலம் காட்டுப் பக்கம் தெங்குமரகடா கிராமத்தில் எடுத்தார்கள். சிவகுமார் பள்ளிக்கூட ஆசிரியர். சுஜாதா, ஊருக்கெல்லாம் ஓடி உதவுகிற அன்னம்.

அந்தப் படத்துக்கு இசையமைப்பாளர் கிடைத்த கதையை நீங்கள் பல முறை கேட்டிருக்கலாம். ஆனால் அதை எழுத்தாளர் பக்கத்திலிருந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த பண்ணைப்புரத்து இளைஞர் ஒருவரைச் செல்வராஜ் அழைத்து வருகிறார். ஆர்மோனியமோ பக்கவாத்தியமோ எதுவும் இல்லை. அவர் மேசையில் தாளம் தட்டிக்கொண்டு தன் மெட்டுகளைப் பாடிக் காட்டுகிறார். பெரிய பெரிய இசையமைப்பாளர்கள் இருக்கும்போது, பெயர் தெரியாத ஒருவரை நம்பிப் படத்தைக் கொடுப்பார்களா? பஞ்சு அருணாசலம் கொடுத்தார். பல ஆண்டுகள் விஸ்வநாதனின் மெட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய காது அது. மேசைத் தாளத்துக்குள் இருந்த வயக்காட்டு வாசனை அதற்குத் தெரிந்துவிட்டது. ஏ.எம்.ராஜா என்று ஏற்கெனவே ஒருவர் இருந்ததால், ‘இளையராஜா’ என்று பெயர் வைத்ததும் அவர்தான். முதல் பாட்டுப் பதிவின்போது மின்சாரம் நின்றது. சகுனம் சரியில்லை என்று பேசினார்கள். தயாரிப்புத் தரப்பில் நின்ற பஞ்சு அருணாசலம் அதைக் காதில் வாங்கவில்லை.

அன்று அவர் தயங்கியிருந்தால் இளையராஜா வேறு வழியில் வந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கண்டெடுத்தவர் ஒரு எழுத்தாளர் என்பதை நாம் மறக்கக் கூடாது. தன் பாட்டு வரிகளுக்கு எந்த இசை உயிர் கொடுக்கும் என்று தெரிந்தவர். கதை நடக்கும் ஊரின் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று அறிந்தவர். அதனால்தான் அவருக்குக் கேட்டது.

‘அன்னக்கிளி’யை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது வானொலி. முதலில் கூட்டம் குறைவாக இருந்த கொட்டகைகளில், பாட்டு வானொலியில் ஒலிக்க ஒலிக்கக் கூட்டம் ஏறியது. நம் பக்கத்தில் வானொலிக்கு இருந்த இடத்தை இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி ஒருபுறம். தொண்டிக் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்ட இலங்கை வானொலி இன்னொரு புறம். முகப்பில் ஒரு வானொலிப் பெட்டி வைத்தால், திண்ணையில் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ‘ஒலிச்சித்திரம்’ வரும். ஒரு முழுப்படத்தின் ஒலியை மட்டும் எடுத்து, ஒரு மணி நேர அளவுக்குச் சுருக்கி ஒலிபரப்புவார்கள். படம் பார்க்கப் போக முடியாத ஆச்சிமார்கள் அடுப்படி வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, காதாலேயே படம் பார்த்தார்கள். வசனம் எழுதுகிறவருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை இல்லை. நடிகரின் முகமும் அரங்கப் பொருளும் இல்லாமல், பேச்சு மட்டும் தனியாக நின்று கதை சொல்ல வேண்டும். யார் உள்ளே வந்தது, யார் கோபமாக இருக்கிறார், யார் அழுகையை அடக்குகிறார் என்பதெல்லாம் சொல்லிலும் சொல்லின் இடைவெளியிலும் தெரிய வேண்டும்.

பஞ்சு அருணாசலம் வசனத்தின் தன்மை இந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அவருக்கு முந்திய தலைமுறை மேடைத் தமிழில் வளர்ந்தது. அடுக்கு மொழிக்குக் கைதட்டல் கிடைத்த காலம் அது. அவர் எழுதியது வீட்டுக்குள் பேசுகிற தமிழ். அண்ணன் தம்பியிடம் எப்படிப் பேசுவான், கடன் கேட்கப் போனவன் எப்படி வார்த்தையை மென்று விழுங்குவான், பெண்ணைக் கொடுத்த இடத்தில் தகப்பன் எவ்வளவு தணிந்து பேசுவான் என்பதே அவருடைய வசனம். கைதட்டலுக்காக ஒரு வரியைத் தனியாகத் தூக்கி வைக்க மாட்டார். அதனால்தான் அவர் வசனத்தை யாரும் மேடையில் சொல்லிக் காட்டுவதில்லை. ஆனால் படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் அந்த மனிதர்களைத் தங்கள் சொந்தக்காரர்களைப் போலப் பேசினார்கள்.

1977-ல் ‘புவனா ஒரு கேள்விக்குறி’. மகரிஷி எழுதிய நாவலுக்குத் திரைக்கதை அமைத்தார் பஞ்சு அருணாசலம். இயக்கம் எஸ்.பி.முத்துராமன். அதுவரை பெரும்பாலும் வில்லனாகவே வந்துகொண்டிருந்த ரஜினிகாந்துக்கு நல்லவன் வேடம்; சாதுவான முகம் என்று பெயர் எடுத்த சிவகுமாருக்குப் பெண்ணை ஏமாற்றுகிறவன் வேடம். ஒரு நடிகருக்குள் சனங்கள் பார்க்காத இன்னொரு ஆள் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்வது எழுதுகிறவரின் கண். மூன்று ஆண்டு கழித்து ‘முரட்டுக்காளை’யில் நாயகனாகவே பழகிப்போன ஜெய்சங்கரை வில்லனாக்கியபோதும் அதே கண்தான் வேலை செய்தது. ஏவி.எம். நிறுவனம் சில ஆண்டு இடைவெளிக்குப் பிறகு எடுத்த படம் அது. தயாரிப்பு, இயக்கம், எழுத்து மூன்றும் செட்டிநாட்டு வேர் உள்ளவை. செங்கோட்டைப் பக்கம் எடுத்த ரயில் சண்டை மட்டும்தான் இன்று பலருக்கு நினைவிருக்கிறது.

அவர் எழுதியவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது 1979-ல் வந்த ‘ஆறிலிருந்து அறுபது வரை’. அச்சகத்தில் வேலை பார்க்கும் சந்தானம். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பி தங்கைகளைத் தூக்கிவிடுவதற்காகத் தன்னைத் தேய்த்துக்கொள்கிற மூத்தவன். அவர்கள் மேலே ஏறியதும் இவனைத் தெரியாதவர்கள்போல் ஆகிவிடுகிறார்கள். குடிசையில் பிடித்த தீ, மனைவியையும் கொண்டுபோகிறது. பிறகு சந்தானம் எழுத்தாளனாகிறான். புகழும் பணமும் வருகின்றன. விட்டுப்போன உறவுகள் திரும்பி வருகின்றன. சண்டையால் பெயர் வாங்கிக்கொண்டிருந்த ரஜினிகாந்தை, நரைத்த தலையோடு நாற்காலியில் உட்கார வைத்துத் தன் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கச் சொன்ன படம்.

வியாபாரப் படம் எழுதுகிறவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவர், தன் நாயகனை ஓர் எழுத்தாளனாக வைத்தார் என்பதைக் கவனியுங்கள். அச்சகத்தில் பிறர் எழுத்தை அச்சுக் கோர்த்தவன் கடைசியில் தன் எழுத்தால் நிமிர்கிறான். பிறர் சொல்லச் சொல்ல எழுதிய இளைஞர் ஒருவருக்கு அந்தக் கதை எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. நம் ஊரில் எந்தக் கூட்டுக் குடும்பத்தில் கேட்டாலும் ஒரு சந்தானம் இருப்பார். அந்த மூத்தவரைத் திரையில் நாயகனாக்கிக் காட்டினார். அவர் படும் பாட்டை மிகைப்படுத்தாமல், ஆனால் ஒன்றையும் விடாமல் எழுதினார்.

தொடக்கத்தில் சொன்ன இரண்டு படங்களுக்கு வருகிறேன். ‘சகலகலா வல்லவன்’ நீங்கள் அறிந்ததுதான். கிராமத்து வேலு, வெளிநாடு போய் வந்தவனைப் போல் வேடம் போட்டுப் பணக்கார வீட்டுப் பெண்ணைக் கைப்பிடிக்கிற கதை. பாட்டு, சண்டை, சிரிப்பு எல்லாம் அளவு பார்த்துப் போட்ட படம். அதில் வாலி எழுதிய புத்தாண்டுப் பாட்டு, டிசம்பர் 31 நள்ளிரவில் இன்றும் தெருவெங்கும் ஒலிக்கிறது. அதே நாளில் வந்த ‘எங்கேயோ கேட்ட குரல்’ முற்றிலும் வேறு. கட்டிய கணவனின் எளிமையை ஏற்க முடியாத பெண் ஒருத்தி வீட்டை விட்டுப் போகிறாள். தவறு என்று தெரிந்து திரும்பி வருகிறாள். ஊர் அவளை ஒதுக்கி வைக்கிறது. கணவன் அவளை மீண்டும் மனைவியாக ஏற்கவில்லை. ஆனால் கைவிடவும் இல்லை. கடைசியில் ஊர்க்கட்டுப்பாட்டை மீறி, அவள் சாவுக்கு அவனே நின்று செய்ய வேண்டியதைச் செய்கிறான். ரஜினிகாந்த் படம் என்றால் எதிர்பார்க்கும் எதுவும் அதில் கிடையாது.

முந்தையது ஊரே கொண்டாடுவதற்கு எழுதியது. பிந்தையது, தவறு செய்த ஒருத்தியை எவ்வளவு தூரம் மன்னிக்கலாம் என்று ஊரையே கேட்பதற்கு எழுதியது. இரண்டும் ஒரே காலத்தில் ஒரே ஆளின் மேசையில் இருந்தன. மாஸ் படம் எழுதுகிறவருக்கு மனித மனம் தெரியாது, மனித மனம் எழுதுகிறவருக்கு மாஸ் வராது என்ற பேச்சை அந்த ஒரே நாள் பொய்யாக்கியது.

இன்னொரு திறமை திரைத் துறைக்குள் மட்டும் தெரிந்தது. பாதியில் சிக்கிக்கொண்ட படத்தைப் பார்த்து, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அவிழ்த்துக் கொடுப்பார். பல தயாரிப்பாளர்கள் அவரிடம் ஓடினார்கள். நல்ல சாட்சி, 1989 தமிழ்ப் புத்தாண்டுக்கு வந்த ‘அபூர்வ சகோதரர்கள்’. வேறொரு கதையோடு தொடங்கிப் படப்பிடிப்பும் கொஞ்சம் நடந்த பிறகு, சரியில்லை என்று கமல்ஹாசன் நிறுத்தினார். குள்ளமான நாயகன் என்ற அரிய எண்ணம் கையில் இருந்தது. அதைத் தாங்கும் கதை இல்லை. பஞ்சு அருணாசலம் வந்தார். கொல்லப்பட்ட தகப்பன், பிரிந்து வளர்ந்த இரட்டைப் பிள்ளைகள், நான்கு எதிரிகள், பழிவாங்கல் என்று ஒரு கதையைச் சொன்னார். கேட்டால் மிகப் பழைய கதை. அந்தப் பழைய கதைதான் புது எண்ணத்துக்குத் தூண்போல நின்றது. கமல்ஹாசனின் திரைக்கதையும் கிரேஸி மோகன் வசனமும் அதன்மேல் ஏறி நின்று விளையாடின. கதை என்ற இடத்தில் மட்டும் தன் பெயரைப் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அடுத்த ஆண்டு ‘மைக்கேல் மதன காமராஜன்’ அவர் குடும்பத் தயாரிப்பு. எழுத்தைக் கமல்ஹாசனுக்கும் கிரேஸி மோகனுக்கும் விட்டுவிட்டுப் பணப்பொறுப்பை மட்டும் ஏற்றார். தமிழின் மிகச் சிறந்த நகைச்சுவைப் படங்களில் ஒன்று அப்படிக் கிடைத்தது. எழுதத் தெரிந்த ஒருவர், இந்த இடத்தில் என்னைவிட இவர்கள் எழுதினால் நன்றாக இருக்கும் என்று விலகி நிற்பது சாதாரணக் காரியமில்லை. ‘மணமகளே வா’, ‘புதுப்பாட்டு’, ‘கலிகாலம்’ போன்ற படங்களை அவரே இயக்கியிருக்கிறார். ஆனாலும் பிறர் வெளிச்சத்தில் நிற்கத் தான் எழுதிக் கொடுப்பதுதான் அவருக்கு இயல்பாக வந்தது. கடைசிக் காலத்தில் ஆனந்த விகடனில் தன் நினைவுகளைத் தொடராக எழுதினார். தலைப்பு ‘திரைத்தொண்டர்’.

அவர் எழுதிய எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கச் சொல்லவில்லை. ‘காயத்ரி’, ‘ப்ரியா’ போன்ற எழுத்தாளர் சுஜாதாவின் நாவல்கள் அவர் திரைக்கதையில் படமானபோது, புத்தகத்தைப் படித்தவர்களுக்கு மனக்குறை இருந்தது. ‘ப்ரியா’ சிங்கப்பூர்க் காட்சிகளாலும் இளையராஜா பாட்டாலும் ஓடியது. நாவலின் கூர்மை அதில் குறைவு. ‘சகலகலா வல்லவன்’ கதையில் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குத் தீர்வாக, கொடுமை செய்தவனையே மாப்பிள்ளையாக்கியது அன்றே தவறு. இன்று அதை என் வீட்டுப் பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கும்போது நெஞ்சு உறுத்துகிறது. பெரியவர்களை மதிப்பது என்றால் அவர்கள் செய்ததை முழுதாகப் பார்ப்பதுதான். முழுதாகப் பார்த்தாலும், எண்பதுகளின் தமிழ் சினிமாவை ஒரு பேனா இவ்வளவு தூரம் தாங்கியதற்கு வேறு எடுத்துக்காட்டுச் சொல்வது கடினம்.

எழுதியவர் மறக்கப்படுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் சார்லஸ் பென்னட் என்று ஒருவர் இருந்தார். ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் தொடக்கக் காலப் புகழுக்குக் காரணமான படங்களில் ‘பிளாக்மெயில்’ அவருடைய நாடகத்திலிருந்து வந்தது. 1935-ல் வந்த ‘தி தர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்’ திரைக்கதையும் அவருடையது. ஹிட்ச்காக் பெயர் தெரியாதவர்கள் குறைவு. பென்னட் பெயர் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. 1995-ல், தொண்ணூற்றைந்து வயதில் அவர் காலமானார். ஒரு படம் பிறக்கும்போது முதல் ஆளாக வெள்ளைத்தாளின் முன் தனியாக உட்காருகிறவர், அது வெற்றி பெறும்போது கடைசி ஆளாக நிற்கிறார். எந்த நாட்டிலும் இதுதான் நடக்கிறது.

இதை மாற்ற நம்மால் ஆனது உண்டு. பழைய வானொலியில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் படத்தின் பெயர், பாடியவர், இசையமைப்பாளர் பெயரோடு இயற்றியவர் பெயரையும் அறிவிப்பாளர் நிதானமாகச் சொல்வார். பள்ளிக்கூடம் போகாத நம் ஆச்சிகளுக்குக்கூடப் பாட்டாசிரியர்கள் பெயர் தெரிந்திருந்தது அதனால்தான். இன்று பல எஃப்.எம். நிலையங்களில் அந்த வழக்கம் குறைந்துவிட்டது. செல்பேசியில் பாட்டுப் போட்டால் நடிகர் படம் வருகிறது. எழுதியவர் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். நாமாவது சொல்வோம். வீட்டில் பிள்ளைகளோடு பழைய படம் பார்க்கும்போது, தொடக்கத்தில் பெயர்கள் ஓடும் நேரத்தைத் தாண்டிப் போகாதீர்கள். ‘கதை, வசனம்’ என்று வரும்போது ஒரு நொடி நிறுத்தி, இவர் நம் ஊர்க்காரர் என்று சொல்லுங்கள்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. நம் வீட்டு அறைகளிலும் அலமாரிகளிலும் இன்னும் எத்தனையோ பாட்டுப் புத்தகங்கள், வசனப் புத்தகங்கள், படத்து நோட்டீசுகள், இசைத்தட்டுகள் கிடக்கின்றன. வீட்டை விற்கும்போதும் இடிக்கும்போதும் மரத்தூணுக்கும் கதவுக்கும் விலை பேசுகிறோம். காகிதத்தைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுவிடுகிறோம். காரைக்குடியில் கவியரசருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியவருக்கு, நம் நினைவையும் இந்தக் காகிதங்களையும் தவிர வேறு மண்டபம் கிடையாது. தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு முறை புரட்டிப் பாருங்கள். செட்டிநாட்டிலிருந்து கோடம்பாக்கம் போய் எழுதியவர்கள், படம் எடுத்தவர்கள், ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தவற்றைக் கேட்டு எழுதுங்கள். தேவகோட்டை ரஸ்தா ஸ்டூடியோவை நேரில் பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால், அவர்கள் பேச்சை இப்போதே பதிந்து வையுங்கள். பொருளை அனுப்ப வேண்டாம். படம் எடுத்து அனுப்பினால் போதும். மூலம் உங்கள் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும்.

எழுத ஆசைப்படும் இளைய வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பஞ்சு அருணாசலத்தின் வாழ்க்கையில் நான் கற்றுக்கொள்வது இதுதான்: பிறர் சொல்லை மதித்துக் கேட்டவருக்குத்தான் சொந்தச் சொல் கைகூடியது. முதலில் ஒரு நல்ல ஆளிடம் பொறுமையாக உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்ளுங்கள். யாருக்காக எழுதுகிறோம் என்பதை மறக்காதீர்கள். உங்களைவிடத் திறமையான ஒருவர் பெயரில்லாமல் வந்து மேசையில் தாளம் தட்டினால், எழுந்து நின்று கதவைத் திறந்துவிடுங்கள்.

உங்கள் கடிதங்கள் வரவர, இனி வரும் இதழ்களில் அவற்றுக்கென்று தனிப் பக்கம் ஒதுக்குவோம். எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்